மின்சாரம் நின்றால் என்ன ஆகும்?
பழைய காரின் சிறு பாகம் ஒன்று வகுப்பறைக்குத் தந்த கேள்வி

ஒன்பதாம் வகுப்பில் மின்காந்தவியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. வரிச்சுருளின் பயன்களைக் கேட்டேன். மின்சார மணி, மின்காந்தப் பளுதூக்கி என்று பாடநூல் விடைகள் வரிசையாக வந்தன. எல்லாமே சரியான விடைகள்தான். ஆனால் சொன்ன எவரும் அவற்றில் ஒன்றையாவது கழற்றிப் பார்த்ததில்லை.

மறுநாள் ஒரு மாணவி செய்தித்தாளில் எதையோ சுற்றி எடுத்து வந்தாள். அவளுடைய அப்பா பழைய கார்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். தாளைப் பிரித்தால், கட்டைவிரல் அளவில் ஓர் உலோக உருளை. ஒரு முனையில் மரையும் அதன் நடுவே ஊசி போன்ற கூர்முனையும் இருந்தன. மறுமுனையில் ஒயர் செருகுவதற்கு ஒரு சிறு தகடு.

"இதுவும் வரிச்சுருள்தான் சார். கார்புரேட்டர்ல இருக்கும். ஆனா இது செத்துப்போச்சு. அப்பா கழட்டிப் போட்டுட்டாரு."

"செத்துப்போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"சாவியைப் போட்டா 'டிக்'னு சத்தம் வரணும் சார். வரலையாம். வண்டி நல்லா ஓடுது. ஆனா சிக்னல்ல ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா நின்னுடுது. புதுசு வாங்கி மாட்டியும் அப்படியேதான் இருக்கு."

புதிய பாகம் வாங்கியும் தீராத கோளாறு! அன்றைய பாடத்தை அந்த உருளையிலிருந்தே தொடங்கினோம். அந்தப் பாகம் எப்படி வேலை செய்கிறது என்பதையும், அதை வைத்து வகுப்பில் என்ன செய்யலாம் என்பதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கார்புரேட்டரின் இரண்டு பாதைகள்

பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அது காற்றோடு கலந்துதான் எரியும். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. இந்தக் கலவையைத் தயாரித்துத் தருவதே கார்புரேட்டரின் வேலை.

பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று கார்புரேட்டரின் குழாய் வழியாக உள்ளே விரைகிறது. அந்தக் குழாயின் நடுப்பகுதி குறுகலானது. குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். பெர்னோலியின் கருத்து இங்கே வேலை செய்கிறது. குறைந்த அழுத்தம் உள்ள அந்த இடத்தில் பெட்ரோல் மேலெழுந்து, நுண்துளிகளாகச் சிதறிக் காற்றோடு கலக்கிறது. இது முதன்மைப் பாதை.

குழாயில் இதற்குக் கீழே, சுழன்று திறக்கும் வட்டத் தகடு ஒன்று உண்டு. இதை த்ராட்டில் தகடு என்பார்கள். நாம் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திறப்பது இதுதான். காலை எடுத்ததும் தகடு ஏறக்குறைய முழுவதுமாக மூடிக்கொள்ளும்.

அப்போது ஒரு சிக்கல் எழுகிறது. தகடு மூடியிருக்கும்போது குறுகிய பகுதி வழியே செல்லும் காற்று மிகக் குறைவு. அந்த மெல்லிய காற்றோட்டத்தால் முதன்மைப் பாதையிலிருந்து பெட்ரோலை இழுக்க முடியாது. எஞ்சின் நின்றுவிட வேண்டும். ஆனால் சிக்னலில் காத்திருக்கும் கார் மெல்ல உறுமிக்கொண்டே நிற்கிறதே, எப்படி?

விடை, மூடிய தகட்டுக்குக் கீழே இருக்கிறது. மேலே அழுத்தக் குறைவு இல்லாவிட்டாலும், தகட்டுக்குக் கீழே பிஸ்டன்கள் இழுப்பதால் அழுத்தம் வெகுவாகக் குறைந்திருக்கும். அந்த இடத்தில் ஒரு சிறு துளை இட்டு, மெல்லிய தனிப் பாதை வழியே சிறிதளவு பெட்ரோலும் காற்றும் வருமாறு அமைத்திருக்கிறார்கள். மெக்கானிக்குகள் 'ஐட்லிங்' என்று சொல்லும் நிலையில் எஞ்சினுக்குக் கலவை தருவது இந்தத் தனிப் பாதைதான். அதில் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் நுண்துளைக்கு 'ஸ்லோ ஜெட்' என்று பெயர்.

மாணவி கொண்டுவந்த உருளை இந்தப் பாதையின் வாயில்காப்போன்.

சாவியைத் திருப்பியும் நிற்காத எஞ்சின்

கார்புரேட்டர் பல ஆண்டுகள் இந்த உருளை இல்லாமலேயே வேலை செய்தது. சாவியைத் திருப்பினால் தீப்பொறி நிற்கும். தீப்பொறி நின்றால் எஞ்சினும் நிற்கும். அதுவே போதுமானதாக இருந்தது.

1960களின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 1966 மாடல் கார்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1968 மாடல்களிலிருந்து நாடு முழுவதும் கட்டுப்பாடு வந்தது. 1970இல் தூய காற்றுச் சட்டம் அதை மேலும் இறுக்கியது. உற்பத்தியாளர்கள் எஞ்சினின் சரிக்கட்டலை மாற்றினார்கள். கலவையில் பெட்ரோலைக் குறைத்தார்கள். ஐட்லிங் நிலையில் தீப்பொறி சற்றுத் தாமதமாக வருமாறு செய்தார்கள். எஞ்சின் நின்றுவிடாமலிருக்க ஐட்லிங் வேகத்தைக் கூட்டினார்கள்.

புகை குறைந்தது, ஆனால் எஞ்சினின் உட்பகுதி முன்பைவிடச் சூடானது. இப்போது சாவியைத் திருப்பினால் தீப்பொறி நின்றுவிடும். ஆனால் சுழன்றுகொண்டிருந்த எஞ்சின் நிலைமத்தால் மேலும் சில சுற்றுகள் சுழலும். அந்தச் சுற்றுகளில் பிஸ்டன் ஐட்லிங் பாதை வழியே கலவையை இழுக்கும். எரியறையில் படிந்த கரித்துகளோ, வால்வின் விளிம்போ கனன்றுகொண்டிருந்தால், அந்தச் சூட்டிலேயே கலவை பற்றிக்கொள்ளும். எஞ்சின் மீண்டும் ஒரு சுற்று சுழலும், மீண்டும் இழுக்கும், மீண்டும் பற்றும். சாவி கையில் இருக்க, கார் குலுங்கிக் குலுங்கி இருமிக்கொண்டிருக்கும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறியே கிடையாது; அழுத்தத்தால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கும். அதனால் இந்தக் கோளாறுக்கு 'டீசலிங்' என்று பெயர் வந்தது. சில விநாடிகளே நடந்தாலும் எஞ்சினுக்குக் கேடு, ஓட்டுநருக்குத் திகில். தீப்பொறியை நிறுத்துவது போதாது. பெட்ரோலையும் நிறுத்தியாக வேண்டும்.

வரிச்சுருளும் ஸ்பிரிங்கும்

உருளைக்குள் இருப்பவை மூன்றே பொருள்கள்: காப்பிட்ட தாமிரக் கம்பியைச் சுற்றிய வரிச்சுருள், அதன் நடுவே நகரும் இரும்புத் தண்டு, தண்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங். தண்டின் முனையில்தான் அந்தக் கூர்மையான ஊசி.

சாவியைப் போட்டதும் பேட்டரியின் 12 வோல்ட் மின்னழுத்தம் வரிச்சுருளுக்குக் கிடைக்கிறது. சுருள் மின்காந்தமாகிறது, ஸ்பிரிங்கை எதிர்த்துத் தண்டை உள்ளே இழுக்கிறது. ஊசி விலகி ஐட்லிங் பாதை திறக்கிறது. தண்டு உள்ளே சென்று மோதும் ஒலிதான் அந்த 'டிக்'. சாவியைத் திருப்பி நிறுத்தினால் காந்தப்புலம் மறைகிறது. ஸ்பிரிங் ஊசியை வெளியே தள்ளிப் பாதையை அடைக்கிறது. த்ராட்டில் தகடு மூடியிருப்பதால் முதன்மைப் பாதையிலிருந்து பெட்ரோல் வராது. ஐட்லிங் பாதையும் அடைபட்டால் எரிய எதுவும் இல்லை. எஞ்சின் அமைதியாக நின்றுவிடும்.

உலகம் முழுவதும் 2 கோடிக்கும் மேல் விற்ற வோக்ஸ்வேகன் பீட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1970களின் தொடக்கத்தில் வந்த பீட்டில்களில் சோலெக்ஸ் 34 பிக்ட் 3 என்னும் கார்புரேட்டர் இருந்தது. அதன் பக்கவாட்டில் இந்த உருளை மரையிட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். இக்னிஷன் காயிலின் நேர்முனையிலிருந்து ஓர் ஒயர் அதற்கு வரும்.

"ஒரே ஒரு ஒயர்தான் வருகிறது. மின்சுற்று முழுமையாக இரண்டு முனைகள் வேண்டுமே, இன்னொன்று எங்கே?" என்று கேட்டேன். வகுப்பு சிறிது நேரம் யோசித்தது. உருளையின் உலோக உடல் கார்புரேட்டரையும், கார்புரேட்டர் எஞ்சினையும், எஞ்சின் காரின் உடலையும், காரின் உடல் பேட்டரியின் எதிர்முனையையும் தொடுகின்றன. காரின் உடலே இரண்டாவது ஒயர். மெக்கானிக்குகள் 'எர்த்' என்று சொல்வது இதைத்தான்.

ஏன் இப்படி அமைத்தார்கள்?

அடுத்து வகுப்பில் ஒரு கேள்வியை வைத்தேன். "மின்சாரம் வந்தால் பாதை திறக்கிறது, நின்றால் மூடுகிறது. இதைத் தலைகீழாக அமைத்தால் என்ன? மின்சாரம் வந்தால் மூடட்டும், நின்றால் திறக்கட்டும்."

முதலில் "அதுவும் சரிதான் சார்" என்றார்கள். பிறகு ஒருவன், "கார் நிக்கிற நேரமெல்லாம் மின்சாரம் போய்க்கிட்டே இருக்கணுமே, பேட்டரி காலியாயிடும்" என்றான். இன்னொருத்தி, "ஒயர் அறுந்துபோனா எஞ்சினை நிறுத்தவே முடியாது சார்" என்றாள்.

நான் எதிர்பார்த்த விடை அதுதான். எந்தக் கருவியும் ஒருநாள் பழுதாகும். ஒயர் அறும், பேட்டரி இறங்கும். அப்போது கருவி எந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் முன்கூட்டியே முடிவு செய்கிறார். ஆபத்தில்லாத நிலையை ஸ்பிரிங்கிடம் ஒப்படைக்கிறார். அதிலிருந்து மாற்றும் வேலையை மட்டுமே மின்சாரத்திடம் கொடுக்கிறார். மின்தூக்கியின் பிரேக்கும் அப்படித்தான்: மின்சாரம் பிரேக்கை விடுவிக்கிறது, மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்துக்கொள்கிறது. சலவை இயந்திரத்துக்குள் தண்ணீர் விடும் வால்வும் மின்சாரம் நின்றால் மூடிக்கொள்ளும். இல்லையென்றால், மின்வெட்டின்போது வீடு முழுவதும் தண்ணீர் ஓடும்.

அதே வரிச்சுருள், வேறு வேலை

1970களின் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்கள். அங்கே வரிச்சுருள் பெட்ரோல் பாதையைத் தொடுவதில்லை. கார்புரேட்டருக்கு வெளியே நின்று த்ராட்டில் தகட்டைத் தாங்குகிறது. சாவியைப் போட்டால் தண்டு வெளியே நீண்டு, தகடு ஐட்லிங்குக்குத் தேவையான அளவு திறந்திருக்குமாறு பிடித்துக்கொள்ளும். சாவியை எடுத்தால் தண்டு பின்வாங்கும். தகடு மேலும் மூடிக்கொள்ளும். எஞ்சினுக்குக் காற்றே கிடைக்காமல் போகும்.

இவ்வகை வரிச்சுருள்கள் பெரும்பாலும் தகட்டைத் தாமாகத் தள்ளித் திறக்கும் வலு உடையவை அல்ல. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை ஒருமுறை மிதித்துத் தகட்டைத் திறக்க வேண்டும். அப்போது நீளும் தண்டு அந்த நிலையைப் பிடித்துக்கொள்ளும். இரும்புத் தண்டுக்கும் காந்த முனைக்கும் இடைவெளி அதிகமாக இருக்கும்போது இழுவிசை மிகக் குறைவு. இடைவெளி குறையக் குறைய விசை வேகமாகக் கூடும். ஆகவே வரிச்சுருளுக்கு இழுப்பதைவிடப் பிடித்திருப்பது எளிது. காந்த விசையும் தொலைவும் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லலாம்.

கோளாறைக் கண்டறிதல்

இனி அந்த மாணவியின் அப்பாவுடைய காருக்கு வருவோம். ஓடும்போது நன்றாக ஓடுகிறது. காலை எடுத்தால் நிற்கிறது. அப்படியானால் முதன்மைப் பாதை நலமாக இருக்கிறது, ஐட்லிங் பாதையில்தான் சிக்கல். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கக்கூடும் என்று கரும்பலகையில் எழுதினோம்.

ஒன்று, வரிச்சுருளுக்கு மின்சாரம் வரவில்லை.
இரண்டு, மின்சாரம் வருகிறது. ஆனால் சுருள் அறுந்துவிட்டது அல்லது தண்டு சிக்கிக்கொண்டது.
மூன்று, வரிச்சுருள் வேலை செய்கிறது. ஆனால் ஸ்லோ ஜெட்டில் தூசி அடைத்திருக்கிறது.

"'டிக்' சத்தம் வரவில்லை என்றால் இவற்றில் எது?" என்று கேட்டேன். "இரண்டாவது" என்று பலர் சொன்னார்கள். சிறிது நேரம் கழித்துத்தான், "ஒண்ணாவதாவும் இருக்கலாமே சார்" என்று ஒரு குரல் வந்தது. சத்தம் வராதது மூன்றாவதை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறது; முதல் இரண்டையும் அது பிரித்துக் காட்டவில்லை.

பிரித்துக் காட்ட ஒரு சோதனை போதும். உருளையை நன்றாகத் துடைத்து, துளியும் பெட்ரோல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆய்வகத்தின் பேட்டரி எலிமினேட்டரை 12 வோல்ட்டில் வைத்தோம். ஒரு முனையை ஒயர் செருகும் தகட்டிலும் மறுமுனையை உலோக உடலிலும் தொட்டோம்.

டிக்.

வகுப்பே ஒருகணம் அமைதியானது. மறுபடியும் தொட்டோம், மறுபடியும் டிக். கூர்முனை உள்ளே போவதும் வெளியே வருவதும் கண்ணுக்குத் தெரிந்தன. "அப்போ இது சாகவே இல்லை சார்!" என்றாள் அந்த மாணவி.

இரண்டாவது காரணம் அடிபட்டது. பாகம் நலமாக இருந்தும் காரில் சத்தம் வரவில்லை என்றால் அங்கே மின்சாரம் வரவில்லை. ஒயரையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்து சொன்னாள்: ஒயரின் முனையில் இருந்த செருகி பச்சை பூத்து அரித்துப் போயிருந்ததாம். சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டியதும் சிக்னலில் வண்டி நிற்காமல் இருக்கிறதாம். "பழசையே மறுபடி மாட்டிட்டாரு சார். புதுசைக் கடையில திருப்பிக் கொடுக்கப் போறாரு" என்று சிரித்தாள்.

அவளுடைய அப்பா அனுபவம் மிக்கவர். சத்தம் வரவில்லை என்று அவர் கவனித்தது சரி. அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்பதை மட்டும் அவசரத்தில் விட்டுவிட்டார். தேர்வுத்தாளில் நம் மாணவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

இந்தக் கோளாறுக்குக் குறுக்கு வழி ஒன்றும் உண்டு. ஊசி முனையையே வெட்டிவிட்டால் பாதை எப்போதும் திறந்திருக்கும். சிக்னலில் எஞ்சின் நிற்காது. ஆனால் சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் இருமும் பழைய நோய் திரும்பி வரக்கூடும். நோயின் குறியை மட்டும் மறைத்தால் என்ன ஆகும் என்று விளக்க இதுவும் உதவும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்க வகுப்புகளுக்கு: ஒரு குவளைத் தண்ணீரை உறிஞ்சுகுழலால் குடிக்கச் சொல்லுங்கள். பாதியில் குழலை விரலால் நசுக்கச் சொல்லுங்கள். உறிஞ்சிக்கொண்டே இருந்தாலும் தண்ணீர் வராது. வாய்தான் எஞ்சின், குழல்தான் ஐட்லிங் பாதை, விரல்தான் வரிச்சுருளின் ஊசி. அடுத்து, சிறு குழல் ஒன்றைத் தண்ணீரில் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல்முனைக்குக் குறுக்கே இன்னொரு குழலால் பலமாக ஊதினால் தண்ணீர் மேலெழுந்து சாரலாகச் சிதறும். கார்புரேட்டரின் முதன்மைப் பாதை அதுவே.

உயர்நிலை வகுப்புகளுக்கு: பழைய பேனாவின் உட்கூடு போன்ற பிளாஸ்டிக் குழாயின் நடுவில், எனாமல் பூசிய மெல்லிய தாமிரக் கம்பியை ஏறத்தாழ 200 சுற்றுகள் நெருக்கமாகச் சுற்றுங்கள். இரு முனைகளிலும் எனாமலை உப்புத்தாளால் தேய்த்து நீக்குங்கள். குழாயை மேசைமேல் செங்குத்தாகப் பிடித்து, தடையின்றி நகரும் சிறு இரும்பு ஆணியை உள்ளே போடுங்கள். ஆணியின் மேல்முனை சுருளின் கீழ்ப்பகுதியை எட்ட வேண்டும். மூன்று உலர் மின்கலங்களைத் தொடராக இணைத்துச் சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் ஆணி மேலே தாவி நிற்கும்; இணைப்பை எடுத்தால் 'டக்' என்று கீழே விழும். இங்கே ஸ்பிரிங்கின் வேலையைப் புவியீர்ப்பு விசை செய்கிறது. ஐந்து விநாடிகளுக்கு மேல் இணைப்பில் வைக்க வேண்டாம், கம்பி சூடாகும்.

கணக்குக்கு: ஒரு வரிச்சுருளின் மின்தடை 24 ஓம் என்று கொள்வோம். 12 வோல்ட்டில் பாயும் மின்னோட்டம் எவ்வளவு? 0.5 ஆம்பியர். திறன்? 6 வாட். சாவியை எடுக்காமல் மறந்து இரவு முழுவதும் 10 மணி நேரம் விட்டால் இந்தச் சுருள் மட்டும் செலவிடும் ஆற்றல் 60 வாட் மணி. பேட்டரி ஏன் இறங்கும் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

பாதுகாப்பு: காரில் பொருத்தியிருக்கும் பாகத்தின் ஒயரை மாணவர்கள் தொட்டு எடுத்துச் சோதிக்கக் கூடாது. தொடும்போதும் எடுக்கும்போதும் சிறு தீப்பொறி எழும். அருகில் பெட்ரோல் ஆவி இருக்கும். வகுப்பில் சோதிப்பதானால் முழுவதும் காய்ந்த, தனியாகக் கழற்றிய பாகத்தை மட்டும் ஆசிரியரே சோதித்துக் காட்டட்டும்.

இன்றும் இருக்கிறது

கார்புரேட்டர் பழங்கதையாகிவிட்டது என்று மாணவர்கள் கருதலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பிஎஸ் 6 விதிகள் வந்த பிறகு, புதிய இருசக்கர வாகனங்களிலும் பெரும்பாலும் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்தான். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை ஒரு வரிச்சுருள், ஓர் ஊசி, ஒரு ஸ்பிரிங். மின்சாரம் வரும் சில மில்லி விநாடிகளுக்கு ஊசி விலகிப் பெட்ரோல் பீய்ச்சும். மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் மூடிவிடும். பெட்ரோலை நிறுத்த மட்டும் வந்த காவலாளி, இப்போது பெட்ரோலை அளந்து தரும் பொறுப்பையும் ஏற்றிருக்கிறார்.

அந்த வகுப்புக்குப் பிறகு, வரிச்சுருளின் பயன்களைக் கேட்கும்போது கூடவே ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறேன்: "மின்சாரம் நின்றால் அது எந்த நிலைக்குப் போகும்? ஏன்?" மின்சார மணி, மின்தூக்கி, சலவை இயந்திரம் என்று எதைச் சொன்னாலும் இந்தக் கேள்வி பொருந்தும். மனப்பாடத்தில் இதற்கு விடை கிடைக்காது; மாணவர் அந்தக் கருவியை மனத்துக்குள் இயக்கிப் பார்த்தாக வேண்டும். உங்கள் வகுப்பிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பக்கத்துப் பணிமனை ஒன்றில் கழற்றிப் போட்ட உருளை கிடைத்தால், அதையும் மேசைமேல் வைத்துவிட்டுக் கேளுங்கள்.